எங்கே நிற்கிறாய்?

நாற்பத்தைந்து வயதை எட்டிய ஓர் ஆசிரியன் தன் பிழையொன்றைத் தானே பத்திரிகையில் எழுதுவது அவ்வளவு சிலாக்கியமான காரியமன்று. மாணாக்கர் படிப்பர், மறுநாள் வகுப்பிலே பின்வாங்கில் இருப்போர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்முறுவல் செய்வர். ஆயினும் இப்பிழை எனக்கு மாத்திரம் உரியதன்று என்பதைச் சில மாதங்களாக நண்பர்களோடு அளவளாவியதிலிருந்து அறிந்துகொண்டேன். ஆதலால் எழுதத் துணிந்தேன்.

என் மூத்த மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது வீட்டிலே மகிழ்ச்சிக்குக் குறைவிருக்கவில்லை. ஊர்ப் பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்தோம். பெட்டி வாங்கினோம்; போர்வை வாங்கினோம்; மனைவி பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் டப்பாக்களில் அடைத்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, "உன்ரை ஃபோனுக்கு ஒரு நல்ல கவர் போட்டுத் தாறன்" என்று சொல்லி மகளின் கைத்தொலைபேசியை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனேன். கவர் போட்டது உண்மை. கடை வாசலில் நின்றபடியே, கூகிள் வரைபடத்தைத் திறந்து, அவள் இருக்குமிடம் எனக்கு எப்பொழுதும் தெரியும்படி செய்துவைத்ததும் உண்மை. எவ்வளவு நேரத்துக்கு என்று அது கேட்டது. ஒரு மணித்தியாலம் என்றும் இருந்தது. நிறுத்தும்வரை என்றும் இருந்தது. நான் இரண்டாவதைத் தொட்டேன். மகளிடம் கவரை மட்டும் காட்டினேன்.

அதன் பின்னர் அவளுடைய முகம் பதித்த ஒரு சிறு வட்டம் என் கையிலே குடியேறிற்று. காலையில் வட்டம் விடுதியில் இருக்கும். எட்டு மணிக்கு விரிவுரை மண்டபத்துக்கு நகரும். மாலையில் நூலகத்தில் நெடுநேரம் தங்கும். கல்லூரியிலே ஒரு பாடம் முடிந்து மறுபாடம் தொடங்குமுன் ஒருமுறை பார்ப்பேன். உணவருந்தும்போது பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை வட்டம் கண்டிப் பட்டினத்திலே இரண்டு மணித்தியாலம் சுற்றிற்று. அன்றிரவு அவளோடு பேசும்போது, "இண்டைக்கு எங்கையேன் போனனியோ?" என்று ஒன்றும் அறியாதவன்போல் வினவினேன். "கண்டிக்குப் போனனான், செருப்பு அறுந்துபோச்சு" என்றாள். உண்மை சொல்லுகிறாள் என்று உள்ளம் குளிர்ந்தது. அவளை நான் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்பொழுது உறைக்கவில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. நேரம் பத்து நாற்பது. படுக்கைக்குப் போகுமுன் வழக்கம்போலப் பார்த்தேன். வட்டம் விடுதியில் இல்லை. மகாவலி கங்கையின் கரையோரத்தில், கட்டடமொன்றும் காணப்படாத பச்சை வெளியொன்றில் நின்றது. தொலைபேசியில் அழைத்தேன், இணைப்பில்லை. அவளுடைய தோழியை அழைத்தேன், எடுப்பாரில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், வட்டம் அசையவில்லை. ஆற்றங்கரை, இரவு, அசையாத வட்டம். அந்த நேரத்தில் என் மனம் எங்கெங்கே போய்வந்தது என்பதை எழுதப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். மனைவியை எழுப்பினேன். விடுதிப் பொறுப்பாளரின் இலக்கத்தைத் தேடி எடுத்து அவரையும் எழுப்பினேன்.

காவலாளர் இருவர் மின்சூளோடு ஆற்றங்கரைக்குப் போயினர். விடுதியிலே கதவு கதவாகத் தட்டினர். மகள் மேல்மாடியில் இன்னொரு மாணவியின் அறையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மறுநாட் காலை அவளுக்குப் பரீட்சை. மாலையில் நூலகத்திலிருந்து ஆற்றோரப் பாதையால் நடந்து வருகையில் தொலைபேசியின் பற்றரி தீர்ந்துவிட்டது. உயிரோடு இருந்தால் கை அதையே நாடும் என்று கருதி, வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டுப் படிக்கப் போயிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்யும் காரியம். வகுப்பிலே நானே பலமுறை புத்தி சொல்லியிருக்கிறேன்.

வட்டத்தின் கீழே சிறிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது. இது நான்கு மணித்தியாலத்துக்கு முன் கிடைத்த இடம் என்று அது தெளிவாகவே கூறிற்று. பக்கத்தில் பற்றரியின் அளவும் இருந்தது, சொற்பம். நான் இடத்தைப் பார்த்தேன், காலத்தைப் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகளாக வரலாறு கற்பிப்பவன் நான். எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் ஆண்டைப் பார் என்று பிள்ளைகளை அதட்டுபவன்.

மகள் நித்திரையின்றிப் பரீட்சை எழுதினாள். அப்பாடத்தில் பெற்ற பெறுபேற்றை இன்றுவரை அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் வட்டம் என் கையிலிருந்து மறைந்தது. தாயோடு நாள்தோறும் பேசினாள். என்னோடு பதினொரு நாள் பேசவில்லை.

அந்தப் பதினொரு நாளும் எனக்குத் துணையாய் இருந்தவர் எங்கள் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர். ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தியபடி என் கதையைக் கேட்டுவிட்டு, "செய்மதிக்கு உம்முடைய மகளைத் தெரியாது, மாஸ்ரர்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அமெரிக்கர் தம் இராணுவத் தேவைக்கென அமைத்த செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது, இப்பொழுது நேரம் என்ன என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வளவே அதன் தொழில். குறைந்தது நான்கு செய்மதிகளின் குரலைக் கேட்டு, தான் நிற்குமிடத்தைக் கைத்தொலைபேசியே கணக்கிட்டுக்கொள்கிறது. சாதாரண மக்களுக்குக் கிடைக்கும் குறிப்பை முன்பு வேண்டுமென்றே மங்கச் செய்திருந்தார்கள். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை நிறுத்தினார்கள். அதன் பின்னரே பொதுமக்களின் கருவியும் எந்த வீதியில் நிற்கிறோம் என்று சொல்லும் அளவுக்கு நுட்பம் பெற்றது. கட்டடத்துக்குள்ளே செய்மதியின் குரல் நன்றாகக் கேளாது. அப்பொழுது அயலிலுள்ள வைஃபை நிலையங்களையும் தொலைபேசிக் கோபுரங்களையும் கொண்டு ஓர் உத்தேசம் பண்ணிக்கொள்ளும்.

"அப்படியானால் எனக்கு எப்படித் தெரிந்தது?" என்றேன்.

"மகளின் ஃபோன் கொம்பனிக்குச் சொன்னது, கொம்பனி உமக்குச் சொன்னது. மகள் ஒருத்திதான் சொல்லவில்லை."

இந்த வார்த்தை நெஞ்சிலே தைத்தது. தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நண்பர் மேலும் ஒரு செய்தி கூறினார். பின்னர் நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவிலே குடும்பத்தவர் ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் அறிவதற்கென்றே ஆக்கப்பட்டது லைஃப்360 என்னும் செயலி. கோடிக்கணக்கானோர் அதனைப் பயன்படுத்துகின்றனர். அக்குடும்பங்களின் நடமாட்டத் தரவுகளை அது வியாபாரிகளுக்கு விற்று வந்தது என்பதை 2021 டிசெம்பரில் த மார்க்கப் என்னும் செய்தித் தளம் வெளிப்படுத்திற்று. துல்லியமான இருப்பிடங்களை விற்பதைக் கைவிடுவதாக அடுத்த மாதமே அந்த நிறுவனம் அறிவித்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததா என்று ஏங்கிய தாய்மாரின் ஏக்கம் சந்தையிலே விலைபோயிருக்கிறது! அதிலும் கொடியவை, வைத்தது தெரியாமல் ஒளிந்திருந்து வேவு பார்க்கும் செயலிகள். அத்தகைய ஸ்பைஃபோன் என்னும் நிறுவனத்தை அத்தொழிலிலிருந்தே 2021 இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு விலக்கிற்று. மகளின் தொலைபேசியில் நான் செய்த காரியம் அவ்வளவு கொடிதன்று. எனினும் கடை வாசலில் நின்று அதைச் செய்தபோது என் மனநிலை வேறாக இருந்ததென்று சொல்ல இயலாது.

அந்த வாரம் பன்னிரண்டாம் வகுப்பிலே பாடத்தை நிறுத்திவிட்டு, எத்தனை பேருடைய பெற்றோர் தொலைபேசி வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்று கேட்டேன். கைகள் மெதுவாக எழுந்தன. நான் எதிர்பார்த்ததிலும் அதிகம். ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கடை அப்பாவும் பாக்கிறவர். ஆனால் நான் ஃபோனை ரியூசனிலை சிநேகிதனிட்டைக் குடுத்திட்டுத்தான் கிரவுண்டுக்குப் போறனான்" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். தந்தை மகிழ்ந்திருக்க, தொலைபேசி இரசாயனவியல் கேட்க, மகன் பந்து வீசுகிறான்! பெயரை இங்கு எழுதேன். அவன் என்னை நம்பிச் சொன்னது.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இதே வகுப்புக்கு முந்திய ஆண்டு குடியியற் பாடத்தில் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நானே கற்பித்திருந்தேன். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது; 1991 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது; அதன் 16 ஆம் உறுப்புரை சிறுவரின் அந்தரங்கத்தில் எதேச்சையாகத் தலையிடலாகாது என்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும் என்று சொல்லியிருந்தேன்.

நிற்க. ஏன் இப்படி நடந்துகொண்டேன் என்று பிறர் கேட்குமுன் என்னையே கேட்டுக்கொண்டேன். மகள்மேல் எனக்கு ஐயமில்லை. அவளுடைய நடத்தையிலே நான் குறை கண்டதில்லை. இருந்தும் அந்த வட்டம் என் கைக்கு ஏன் வேண்டியிருந்தது?

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்களெல்லாம் ஒரே வீதியால் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மழை பெய்தது. நாவற்குழியை அண்டிய சனநெரிசலில் என் தம்பி கைநழுவிப் போனான். விடியும்வரை அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூவியபடியே நடந்தாள். கைதடியில் ஒரு வீட்டுத் திண்ணையிலே அவன் நித்திரை கொண்டிருக்கக் கண்டோம். அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் நான் எங்கே போனாலும் அம்மா படலையிலே நிற்பாள். ஊரடங்குக்கு அரைமணி முன்னதாக வீடு சேர்ந்தாலும், "எங்கையடா நிண்டனி?" என்பாள். அக்குரல் இன்னும் என் காதைவிட்டு நீங்கவில்லை. அவள் காலமாகி எட்டு ஆண்டுகளாகின்றன. அந்தப் படலையை நான் என் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து வைத்தேன் என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் அக்காலத்தில் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டவள் அம்மா மட்டுமல்லள். பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளிற் போகும் வழியெங்கும் சோதனைச்சாவடிகள் இருந்தன. இறங்கி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையை நீட்டி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு நாளொன்றுக்கு நான்கு முறை விடை கூறவேண்டும். நான் செய்யும் காரியத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. புத்தகமும் மத்தியானச் சோற்றுப் பொதியுமே என்னிடம் இருந்தன. ஆயினும் விடை கூறும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று கூனிற்று. அம்மா கேட்டபோது அந்தக் கூனல் இல்லை. இரண்டுக்கும் கேள்வி ஒன்றே. அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் சொல்லாமலும் விடலாம், பொய்யும் சொல்லலாம், சொன்னதும் உண்டு. மகளுக்கு நான் வைத்தது படலையன்று.

தைப்பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். பொங்கலன்று மாலை விறாந்தையிலே நாங்கள் இருவரும் தனித்திருந்தோம். எனக்குத் தெரிந்த நல்ல தமிழிலெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "அண்டைக்கு நான் செய்தது பிழை, பிள்ளை" என்பது மட்டுமே.

"அண்டைக்கு நீங்கள் பயந்ததிலை பிழையில்லை அப்பா" என்றாள். "முதலிலை செய்ததுதான் பிழை. எனக்கு முதல் மாசமே தெரியும்."

திடுக்கிட்டேன். இருப்பிடத்தைப் பகிர்பவருக்குக் கூகிள் இடைக்கிடை மின்னஞ்சல் அனுப்பி, இன்னார் உம்மைப் பார்க்கிறார் என்று நினைவூட்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு அது வந்திருக்கிறது. ஒரு விரலசைவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"நீங்கள் ஒருநாளைக்குச் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கண்டிக்குப் போனதைக் கேட்ட அண்டைக்கு, இப்ப சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

சிறிது நேரம் கழித்து அவளே ஒரு யோசனை கூறினாள். அவள் மறுபடியும் இருப்பிடத்தைக் காட்டுவாள். ஆனால் நானும் என் இருப்பிடத்தை அவளுக்குக் காட்டவேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று உடனே சம்மதித்தேன். கல்லூரி, வீடு, கோயில், சங்கக் கடை. என் வாழ்க்கையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முதல்வாரம் வேடிக்கையாய் இருந்தது. இரண்டாம் வாரத்தில் சந்தித் தேநீர்க்கடையிலே நண்பர்களோடு வழக்கத்திலும் நெடுநேரம் இருந்துவிட்டு, இதையும் அவள் பார்த்திருப்பாளோ என்று எண்ணினேன். வெல்லம் போட்ட தேநீர் என்பது வரைபடத்தில் தெரியாதுதான், ஆயினும் எண்ணினேன். மாசி மாதத்தில் ஒருநாள், சில வாரங்களாய் நெஞ்சிலே இருந்துவந்த ஒரு பாரத்தைக் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். வீட்டிலே கச்சேரியில் அலுவல் என்று சொல்லியிருந்தேன். மனைவியின் தமையனார் அதே நோயினால் திடீரென மறைந்தவர். அவளைக் கலங்கடிக்க நான் விரும்பவில்லை. காலை எட்டு மணிக்குப் போனவன் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன்.

மாலையில் மகளின் அழைப்பு வந்தது. "அப்பா, காலமை நாலு மணித்தியாலம் பெரியாஸ்பத்திரியிலை நிண்டிருக்கிறீங்கள். யாருக்கு என்ன?"

எனக்கு முதலில் வந்தது கோபம். என் விஷயத்தை விசாரிக்க நீ யார் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நான் குற்றமொன்றும் செய்யவில்லை. அன்பினால் ஒன்றை மறைத்தேன். மறைக்கும் உரிமை எனக்கு இல்லையா? சோதனைச்சாவடியிலே கூனிய அதே இடம் மீண்டும் கூனிற்று. அவளோ, மறுபுறத்தில் என் மூச்சைக் கேட்டபடி பொறுத்திருந்தாள். பின்னர், "நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது" என்று மெல்லக் கூறினாள்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அழுதாள், பிறகு கோபித்தாள், பிறகு உப்பு டப்பாவை எடுத்து மேல்தட்டிலே வைத்தாள். இருதயத்தில் பெரிய பழுதொன்றும் இல்லை, இரத்த அழுத்தத்துக்கு நாளும் ஒரு குளிசை என்பது வைத்தியரின் தீர்ப்பு. அடுத்த முறை வைத்தியசாலைக்கு மனைவியும் வந்தாள். தனியே போயிருக்கக் கூடாது என்பது அப்பொழுது விளங்கிற்று. ஆனால் அதனை அறிவிக்கவேண்டியவன் நானேயன்றி, என் சட்டைப்பையில் இருந்த பொருளன்று.

இப்பொழுது எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எக்காலத்துக்குமான பகிர்வை இருவரும் நிறுத்திவிட்டோம். இரவுப் பிரயாணம் வந்தால், பிரயாணம் செய்பவரே வட்ஸ்அப்பில் தம் இருப்பிடத்தை அனுப்புவார். அதிலே பதினைந்து நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று மூன்று அளவே உண்டு. நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். முடிவில்லாத அளவு அதில் இல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது. சிறு பிள்ளைகளின் கதை வேறு. நல்லூர்த் திருவிழாவிலே காணாமற்போன குழந்தையின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கியில் கேட்கும்போதெல்லாம், ஆறு வயதுப் பிள்ளையின் கையில் எதைக் கட்டினாலும் தகும் என்றே தோன்றுகிறது. ஆறுக்கும் இருபதுக்கும் நடுவே எந்த வயதில் அதனை அவிழ்ப்பது என்று நண்பர்கள் என்னைக் கேட்கின்றனர். என் இளைய மகனுக்குப் பதினான்கு. அவனோடு இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதைக்கு ரியூசன் முடிந்து இருட்டில் வரும் நாட்களில் மட்டும் என்று அவனும் நானும் உடன்பட்டிருக்கிறோம். தொலைபேசியைச் சிநேகிதனிடம் கொடுப்பதில்லை என்பது அவன் தந்த வாக்கு. தானறியாமல் நான் எதையும் தொடுவதில்லை என்பது என்னுடையது.

சென்ற வெள்ளிக்கிழமை மகள் கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தாள். எட்டரை மணிக்குப் புறப்படும்போது எட்டு மணித்தியாலத்துக்கு இருப்பிடத்தை அனுப்பியிருந்தாள். தம்புள்ளையில் ஒருமுறை பார்த்தேன்; வவுனியாவில் ஒருமுறை. வழியில் பஸ் எங்கோ தாமதித்துவிட்டது. விடியற்காலை நான்கரைக்கு ஆனையிறவை அண்டிய இடத்தில் வட்டம் மறைந்தது. எட்டு மணித்தியாலமும் முடிந்துவிட்டது. பிள்ளை நித்திரையாய் இருப்பாள். அழைக்கலாமா என்று கை போயிற்று. அழைக்கவில்லை. அடுப்பிலே கேத்திலை வைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவகச்சேரிச் சந்திக்குப் போனேன்.

அங்கே எனக்கு முன்னமே மூன்று தகப்பன்மார் துவாயைத் தலையிற் சுற்றிக்கொண்டு நின்றனர். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தம் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, "இன்னும் கொடிகாமத்திலைதான் நிக்குது" என்றார். அவருடைய தோளுக்கு அப்பால், கண்டி வீதியின் வளைவிலே, பஸ்ஸின் விளக்குகள் ஏற்கெனவே தெரிந்தன.